கேடயத்தில் பச்சை டிக் இருந்தால் போதுமா?

கேள்வி: தம்பி, எங்கள் ஊர் கோத்தகிரியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள் நான். வீட்டில் விண்டோஸ் 10 போட்ட கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது, வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. எங்கள் தோட்டத்துப் பச்சைத் தேயிலைக் கணக்கு, பேங்க் வேலை, பேரப்பிள்ளைகள் போட்டோ எல்லாம் அதில்தான். வாங்கும்போது கடையில் ஒரு ஆன்டிவைரஸ் போட்டுக் கொடுத்தார்கள், அது எப்போதோ முடிந்துவிட்டது. இப்போது ‘உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ் உள்ளது, உடனே புதுப்பிக்கவும்’ என்று திரையின் வலது ஓரத்தில் தினமும் வந்து நிற்கிறது. கீழே கோவையில் இருக்கும் மகன் அவாஸ்ட் போடச் சொல்கிறான், இலவசமாம். தம்பி மகன் ஏவிஜிதான் நல்லது என்கிறான். டவுனில் கேட்டால், ‘இலவசமெல்லாம் நிக்காதும்மா, 800 ரூபாய் கொடுங்க, நல்லதா போட்டுத் தர்றேன்’ என்கிறார்கள். இலவசத்தில் எது நல்லது? நம்பிப் போடலாமா?

— ஒரு வாசகி, கோத்தகிரி வட்டம்

பதில்:

அன்புள்ள அம்மா,

எதையும் புதிதாகப் போட வேண்டாம். 800 ரூபாயும் கொடுக்க வேண்டாம். உங்கள் விண்டோஸுக்குள்ளேயே மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் இருக்கிறது. அதற்குக் காசு கிடையாது, வருஷா வருஷம் புதுப்பிக்கும் வேலையும் கிடையாது. உங்களைப் போல வீட்டுக் கணக்கு, பேங்க், போட்டோ என்று பயன்படுத்துகிறவர்களுக்கு அது போதும். ஆனால் அது உண்மையிலேயே வேலை செய்கிறதா, இல்லை யாராவது அதன் கையைக் கட்டி வைத்திருக்கிறார்களா என்று பார்த்தாக வேண்டும். இந்தக் கடிதத்தில் நான் அதிகம் சொல்லப்போவது அதைப் பற்றித்தான்.

அதற்கு முன்னால் அந்த ‘5 வைரஸ்’ பயத்தைப் போக்கிவிடுகிறேன். அடுத்த முறை அந்தப் பெட்டி வரும்போது எதையும் கிளிக் செய்யாமல் உற்றுப் பாருங்கள். அதில் குரோம் பிரவுசரின் வட்டச் சின்னமும், சின்ன எழுத்தில் ஏதோ ஒரு வெப்சைட்டின் பெயரும் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படி இருந்தால் அது எந்த ஆன்டிவைரஸும் அனுப்பியது அல்ல. எப்போதோ ஒரு வெப்சைட்டில் ‘அலவ்’ என்று ஒரு பட்டனைத் தெரியாமல் அழுத்தியிருப்பீர்கள். அன்றிலிருந்து அந்த வெப்சைட் உங்கள் திரைக்கு நோட்டிஸ் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. உங்கள் கம்ப்யூட்டருக்குள் என்ன இருக்கிறது என்று அதற்கு எதுவும் தெரியாது. வாரத்துக்கு இரண்டு பேராவது இந்தப் பெட்டியைப் பார்த்துப் பயந்து என்னிடம் வருகிறார்கள். குரோமில் மேலே வலது மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று வரிசையாகப் போங்கள். அனுமதி கொடுத்த வெப்சைட்களின் பட்டியல் வரும். அதில் தெரியாத பெயர்களையெல்லாம் எடுத்துவிடுங்கள். அன்றோடு நின்றுவிடும்.

அந்தப் பெட்டியில் குரோம் சின்னம் இல்லாமல் காலாவதியான பழைய ஆன்டிவைரஸின் பெயரே இருந்தால், அது தன்னைப் புதுப்பிக்கச் சொல்லி நச்சரிக்கிறது என்று அர்த்தம். எதுவாக இருந்தாலும் அந்தப் பழையதை நீக்கத்தான் வேண்டும். வேறொரு ஆன்டிவைரஸ் உள்ளே இருந்தால் டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே ஃபைலைப் பிடித்து இழுக்கக் கூடாது என்பதற்காக விண்டோஸே செய்யும் ஏற்பாடு அது. பழையதை முழுதாக நீக்கி ரீஸ்டார்ட் செய்தால் டிஃபெண்டர் தானாகத் திரும்பி வந்துவிடும். ஸ்டார்ட், செட்டிங்ஸ், ஆப்ஸ் என்று போய் அன்இன்ஸ்டால் கொடுங்கள். சில ஆன்டிவைரஸ்கள் அப்படிச் சுலபமாகப் போகாது, பாதி உள்ளேயே தங்கிவிடும். அதற்கு அந்தந்த நிறுவனமே நீக்குவதற்கென்று ஒரு தனிக் கருவியை இலவசமாகத் தருகிறது. அந்த நிறுவனத்தின் சொந்த வெப்சைட்டிலிருந்து மட்டும் அதை எடுங்கள்.

டிஃபெண்டர் ஒன்றுக்கும் ஆகாது என்று கடைகளில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 7 காலத்தில் மைக்ரோசாஃப்ட் கொடுத்த ஆன்டிவைரஸ் பலவீனமானதுதான். ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் ஏவி-டெஸ்ட் என்று ஒரு சோதனைக்கூடம் இருக்கிறது, ஆன்டிவைரஸ்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடுப்பதுதான் அவர்கள் வேலை. 2012-இல் மைக்ரோசாஃப்டின் ஆன்டிவைரஸ் அவர்கள் சான்றிதழை வாங்க முடியாமல் தோற்றது. அந்தக் காலத்தில் நானும் வருகிறவர்களுக்கெல்லாம் வேறொன்றைத்தான் போட்டுக் கொடுத்தேன். அப்புறம் நிலைமை மாறிவிட்டது. சமீப வருஷங்களில் அதே சோதனைக்கூடத்தில் டிஃபெண்டர் காசு கொடுத்து வாங்குபவற்றோடு சேர்ந்து முதல் வரிசையில் நிற்கிறது. பழைய கருத்து மட்டும் நம் ஊர்க் கடைகளில் அப்படியே தங்கிவிட்டது.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

போன ஐப்பசி மழையில் ஒரு பையன் என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வந்தான். கட்டபெட்டு பக்கத்து ஊர், கோவையில் இன்ஜினியரிங் படிக்கிறான். லேப்டாப்பை உர மூட்டைப் பிளாஸ்டிக்கில் சுற்றி, அதையும் ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு வந்திருந்தான். அவனுடைய இன்ஸ்டாகிராம் கணக்கு யார் கைக்கோ போய்விட்டது. பாஸ்வேர்டு மாற்றினான், இரண்டு நாளில் மறுபடியும் போய்விட்டது. ‘அண்ணா, டிஃபெண்டர் ஆன்லதான் இருக்கு, பாருங்க’ என்று காட்டினான். காட்டிய இடத்தில் கேடயச் சின்னமும் அதன் மேல் பச்சை டிக்கும் இருந்தன. ஒன்றும் குறையில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆன்டிவைரஸ் விழித்திருக்கிறதா என்று பார்க்க எய்கார் என்று ஒரு சோதனை ஃபைல் உண்டு. வெறும் 68 எழுத்துகள் கொண்ட ஒரே வரி, எந்தத் தீங்கும் செய்யாது. ஆனால் இதைப் பார்த்தால் வைரஸ் என்றே கூச்சல் போட வேண்டும் என்று ஆன்டிவைரஸ் செய்கிறவர்கள் எல்லோரும் பேசி வைத்துக்கொண்ட வரி அது. நோட்பேடில் அதை அடித்துச் சேவ் செய்தால் சில நொடிகளில் டிஃபெண்டர் பிடித்துக்கொண்டு போய்விடும். அவன் லேப்டாப்பில் டெஸ்க்டாப்பிலேயே சேவ் செய்தேன். ஒரு நிமிஷம் ஆயிற்று, ஐந்து நிமிஷம் ஆயிற்று, ஃபைல் அங்கேயே இருந்தது.

விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் எக்ஸ்க்ளூஷன்ஸ் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. டிஃபெண்டர் எதையெல்லாம் பார்க்கக் கூடாது என்று எழுதி வைக்கும் இடம் அது. அதைத் திறந்தேன். ஒரே ஒரு வரி இருந்தது: சி டிரைவ். ஏதாவது ஒரு ஃபோல்டர் என்றால் பரவாயில்லை, முழு டிரைவும் அதில் இருந்தது. ஃபேக்டரி கேட்டில் வாட்ச்மேனை நிறுத்திவிட்டு, எந்த வண்டியையும் திறந்து பார்க்காதே என்று சொல்லி வைத்த மாதிரி. அவர் பாட்டுக்கு யூனிஃபார்ம் போட்டு நிற்பார், வண்டிகள் பாட்டுக்குப் போய்வரும்.

யார் எழுதியது அந்த வரியை? அந்த லேப்டாப்பில் விண்டோஸைக் காசு கொடுத்து வாங்காமல், ஆக்டிவேட்டர் என்று சொல்லும் ஒரு சின்ன மென்பொருளை வைத்து ஓட்டியிருந்தார்கள். அந்த ஆக்டிவேட்டரை டிஃபெண்டர் பிடித்துவிடும். அதனால் போடுகிறவர்கள் முதலில் டிஃபெண்டரின் கண்ணைக் கட்டிவிட்டுத்தான் அதைப் போடுவார்கள். வேலை முடிந்த பிறகு கட்டை அவிழ்ப்பதில்லை. சில ஆக்டிவேட்டர்கள் தாங்களே அந்த வரியை எழுதிக்கொள்ளும், போட்டுக் கொடுத்தவருக்கே அது தெரிந்திருக்காது. திருட்டு கேம், திருட்டு போட்டோஷாப் போடுவதும் இதே கதைதான். ‘ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்’ என்று எங்காவது எழுதியிருந்தால், அதைப் போடவே கூடாது.

அந்த வரியை நீக்கி முழு ஸ்கேன் போட்டேன். காலை டீக்கு ஆரம்பித்தது, மத்தியானச் சாப்பாடு வரைக்கும் ஓடியது. பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளைத் திருடும் மென்பொருள் ஒன்று உள்ளே உட்கார்ந்திருந்தது. அதனால்தான் அவன் புது பாஸ்வேர்டு வைக்க வைக்க அதுவும் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டோம். பாஸ்வேர்டுகளை வேறொரு சுத்தமான போனிலிருந்து மாற்றினான்.

எந்த ஆன்டிவைரஸ் நல்லது என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் இந்தப் பட்டியலைத் திறந்து பார்த்தீர்களா என்று கேட்பது இதனால்தான். நீங்களும் இன்றைக்கே பாருங்கள் அம்மா. ஸ்டார்ட் பட்டனை அழுத்தி ஆங்கிலத்தில் செக்யூரிட்டி என்று அடித்தால் விண்டோஸ் செக்யூரிட்டி வரும். அதில் வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன். அதற்குள் மேனேஜ் செட்டிங்ஸ். அந்தப் பக்கத்தில் ரியல் டைம் புரொடெக்ஷன் ஆன் என்று இருக்க வேண்டும், வேறு மென்பொருள் எதுவும் டிஃபெண்டரை அணைக்காமல் தடுக்கும் டேம்பர் புரொடெக்ஷனும் ஆன் என்று இருக்க வேண்டும். பக்கத்தின் கடைசி வரைக்கும் இறங்கினால் எக்ஸ்க்ளூஷன்ஸ் இருக்கும். நீங்களாக எதையும் சேர்த்திருக்க மாட்டீர்கள் என்பதால், அந்தப் பட்டியல் காலியாக இருக்க வேண்டும்.

அப்படியே இடது பக்கத்தில் ஆப் அண்ட் பிரௌசர் கன்ட்ரோல் என்று இருப்பதற்குள் போய், ரெபுடேஷன் பேஸ்டு புரொடெக்ஷன் செட்டிங்ஸில் உள்ளவற்றையும் ஆன் செய்துவிடுங்கள். வைரஸ் என்று சொல்ல முடியாத, ஆனால் வேண்டாத விருந்தாளிகளாக ஒட்டிக்கொண்டு வரும் மென்பொருள்களை அது தடுக்கும்.

இப்போது மகன் சொன்ன அவாஸ்டும், தம்பி மகன் சொன்ன ஏவிஜியும். இருவரும் சண்டை போட வேண்டியதில்லை, இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஏவிஜியை அவாஸ்ட் 2016-இல் வாங்கிவிட்டது. 2022-இல் அவாஸ்ட் நார்ட்டனோடு சேர்ந்து, இப்போது ஜென் டிஜிட்டல் என்ற பெயரில் இருக்கிறது. அவிரா என்று ஒரு இலவச ஆன்டிவைரஸ் பெயரையும் யாராவது சொல்வார்கள், அதுவும் அதே வீடுதான். வைரஸைப் பிடிப்பதில் இவை மோசம் என்று சொல்ல மாட்டேன், நன்றாகவே பிடிக்கின்றன.

எனக்கு உறுத்துவது வேறு. மழை நாளில் வரும் இலைக்குத் தண்ணீர் எடையைக் கழித்துவிட்டுத்தானே கணக்கில் எழுதியிருப்பீர்கள்? இலவசம் என்ற வார்த்தையையும் அப்படிக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். அவாஸ்டுக்கு ஜம்ப்ஷாட் என்று ஒரு துணை நிறுவனம் இருந்தது. அவாஸ்ட் போட்டிருந்தவர்கள் எந்தெந்த வெப்சைட்டுக்குப் போனார்கள், என்ன தேடினார்கள் என்ற விவரங்களை அது மற்ற நிறுவனங்களுக்கு விற்றது. 2020 தொடக்கத்தில் செய்தி வெளியானதும் அந்தத் துணை நிறுவனத்தை மூடினார்கள். 2024-இல் அமெரிக்க அரசின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் அவாஸ்டை 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொன்னது, இனி இப்படி விவரங்களை விளம்பரத்துக்கு விற்கக் கூடாது என்றும் தடை போட்டது. காவலுக்கு என்று நம்பி வீட்டுக்குள் விட்டவர், வீட்டில் யார் எங்கே போய்வருகிறார்கள் என்று எழுதி விற்றால் நமக்கு எப்படி இருக்கும்? அது முடிந்த கதை என்று வைத்துக்கொண்டாலும், அதைப் புதிதாக ஒரு வீட்டில் போட என் கை போவதில்லை. தவிர, காசு கட்டும் பதிப்புக்கு மாறச் சொல்லி ‘உங்கள் கம்ப்யூட்டரில் இத்தனை குறைகள்’ என்று அடிக்கடி பயமுறுத்தும். ஏற்கெனவே ஒரு பெட்டி உங்களைத் தினமும் பயமுறுத்துகிறது, இன்னொன்று எதற்கு?

டிஃபெண்டர் பிடிக்கவே இல்லை, வேறு இலவசம்தான் வேண்டும் என்று மகன் பிடிவாதம் பிடித்தால் பிட்டிஃபெண்டர் ஃப்ரீ போடலாம். ருமேனியா நாட்டு நிறுவனம். ஒரு கணக்கு தொடங்கச் சொல்லும், அதற்குப் பிறகு அதிகம் தொந்தரவு செய்யாது. சந்தேகம் வரும்போது மட்டும் ஓட்டிப் பார்க்க மால்வேர்பைட்ஸ் இலவசப் பதிப்பு நல்லது. முதல் 14 நாள் முழுக் காவலும் தரும், அப்புறம் நீங்கள் கேட்டால் மட்டும் ஸ்கேன் செய்யும். டிஃபெண்டரோடு சேர்ந்தே அது இருக்கலாம். மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திராவும் 2017-லிருந்து இலவசமாகச் சுத்தம் செய்யும் கருவிகளைத் தருகிறது, இந்திய நிறுவனங்கள் செய்தவை. காசு கொடுத்து வாங்கும் சென்னை கே7, புனே குவிக் ஹீல் இரண்டும் கெட்டவை அல்ல. உங்கள் உபயோகத்துக்கு அந்தச் செலவு தேவையில்லை, அவ்வளவுதான்.

டிஃபெண்டரிலும் ஒரு குறை இருக்கிறது. கீழே ஊர்களில் இருப்பவர்களுக்கு அது பெரிதாகத் தெரியாது, நமக்குத்தான் முக்கியம். சந்தேகமான ஃபைல் ஒன்றைப் பார்த்தால் டிஃபெண்டர் உடனே இன்டர்நெட் வழியாக மைக்ரோசாஃப்டிடம் கேட்டுத்தான் பல நேரம் முடிவு செய்கிறது. நெட் இல்லாதபோது அது பிடிக்கும் அளவு குறைகிறது என்பது ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரடிவ்ஸ் சோதனைக்கூடத்தின் சோதனைகளில் நன்றாகவே தெரிகிறது. காற்றடித்து மரம் விழுந்தால் நம் பக்கத்தில் கரண்டோடு நெட்டும் போகும். கரண்ட் வந்த பிறகும் நெட் வர ஒன்றிரண்டு நாள் ஆவது உங்களுக்கே தெரியும். அந்த நாட்களில் வெளியிலிருந்து வந்த பென்டிரைவைச் சொருகாதீர்கள். நெட் வரட்டும், பிறகு பார்க்கலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டு நெட் எடுத்தால், டேட்டாவை மிச்சம் பிடிக்க ‘மீட்டர்டு கனெக்ஷன்’ என்று யாராவது குறித்து வைத்திருப்பார்கள். அப்போது விண்டோஸ் பல அப்டேட்களைத் தானாக இறக்காது. வாரத்தில் ஒரு நாள், நெட் நன்றாக வரும் காலை நேரத்தில், செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட்டுக்குப் போய் ‘செக் ஃபார் அப்டேட்ஸ்’ என்பதை நீங்களே அழுத்திவிடுங்கள். வானம் இருட்டிக்கொண்டு வரும் நேரத்தில் வேண்டாம். அப்டேட் நடுவில் கரண்ட் போய் விண்டோஸ் திறக்காமல் நின்றுவிட்ட கம்ப்யூட்டர்கள் மழைக்காலத்தில் என் மேஜைக்கு நிறைய வரும்.

பென்டிரைவ் என்றதும் ஜெராக்ஸ் கடை ஞாபகம் வருகிறது. சிட்டா, ஆதார் நகல் என்று பிரின்ட் எடுக்க டவுனுக்குப் பென்டிரைவைக் கொண்டு போவீர்கள். அந்தக் கடைக் கம்ப்யூட்டரில் ஒரு நாளைக்கு எத்தனை பேருடைய பென்டிரைவ் ஏறி இறங்குகிறது! நம் பக்கத்தில் இன்னமும் அதிகம் பரவுவது ஷார்ட்கட் வைரஸ்தான். வீட்டுக்கு வந்து சொருகினால் உங்கள் ஃபோல்டர்கள் எல்லாம் இருக்கிற மாதிரியே தெரியும். உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றின் இடது கீழ் மூலையிலும் சின்னதாக ஒரு வளைந்த அம்புக்குறி இருக்கும். சில நேரம் பென்டிரைவுக்குள்ளேயே இன்னொரு பென்டிரைவ் படம் ஒன்று மட்டும் இருக்கும். அவை உங்கள் ஃபோல்டர்கள் அல்ல. உண்மையான ஃபோல்டர்களை மறைத்துவிட்டு வைரஸ் தானே எழுதி வைத்த படங்கள் அவை. டபுள் கிளிக் செய்தால், உள்ளே ஃபோல்டரும் திறக்கும், பின்னால் வைரஸும் உங்கள் கம்ப்யூட்டருக்குள் ஏறிவிடும். ஃபைல் திறந்துவிட்டதே என்று நீங்களும் சந்தேகப்பட மாட்டீர்கள்.

அம்புக்குறியைப் பார்த்ததும் கையை எடுத்துவிடுங்கள். பென்டிரைவ் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்தால் டிஃபெண்டரில் ஸ்கேன் செய்யும் வரி வரும், அதைக் கொடுங்கள். ஷார்ட்கட்கள் போய்விட்டு, பென்டிரைவ் காலி மாதிரி தெரிந்தால் பதற வேண்டாம். உங்கள் ஃபைல்கள் உள்ளேயே மறைந்துதான் இருக்கின்றன, அழியவில்லை. ஒரு வரிக் கட்டளையில் அவற்றை வெளியே கொண்டு வரலாம். அவசரப்பட்டு ஃபார்மட் மட்டும் செய்துவிடாதீர்கள். பேரன் பிறந்தநாள் போட்டோக்களை அப்படித் தொலைத்துவிட்டு வந்து கண்கலங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முடிந்தால் பிரின்ட் எடுக்கப் பென்டிரைவே கொண்டு போகாதீர்கள். வேண்டிய ஒரு ஃபைலைக் கடைக்காரரின் இமெயிலுக்கு அனுப்பிப் பிரின்ட் எடுத்தால் போதும், எடுத்ததும் அதை அழிக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.

அடுத்தது விண்டோஸ் 10. இதைச் சொல்லாமல் விட்டால் நான் சொன்ன மற்றதெல்லாம் பாதிதான். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டன. டிஃபெண்டருக்கு வரும் புது வைரஸ் விவரங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். அதனால் பச்சை டிக் தொடர்ந்து தெரியும், ஆனால் விண்டோஸில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை யாரும் அடைக்க மாட்டார்கள். ஓட்டையை அடைப்பது ஆன்டிவைரஸை விடப் பெரிய காவல் என்று 2017 மே மாதம் உலகமே பார்த்தது. வானாக்ரை என்ற வைரஸ் ஆயிரக்கணக்கான ஆபீஸ்களையும் ஆஸ்பத்திரிகளையும் முடக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது. போட்டவர்கள் தப்பித்தார்கள்.

வீட்டு உபயோகத்துக்கு ஒரு வருஷ நீட்டிப்பு கொடுத்திருக்கிறார்கள், 2026 அக்டோபர் 13 வரை. விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் ‘என்ரோல் நவ்’ என்று தெரியும். மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்றில் நுழைந்து, உங்கள் செட்டிங்ஸை அதில் சேமிக்கச் சம்மதித்தால் காசு இல்லை. அந்தத் தேதிக்குள் விண்டோஸ் 11-க்கு மாறிவிட வேண்டும், அதுவும் இலவசம்தான். உங்கள் கம்ப்யூட்டர் அதற்குத் தகுதியானதா என்று பிசி ஹெல்த் செக் என்ற மைக்ரோசாஃப்ட் ஆப் சொல்லிவிடும். இன்டெல் என்றால் எட்டாவது தலைமுறை பிராசசராவது இருக்க வேண்டும். ஆறு வருஷம் முன்னால் புதிதாக வாங்கியது என்றால் பெரும்பாலும் தேறிவிடும்.

தேறாவிட்டால் தூக்கிப் போட வேண்டாம். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் பேங்க் வேலை, இமெயில், எக்ஸெல் மாதிரியான கணக்கு எல்லாம் நடக்கும். விண்டோஸுக்கென்று எழுதிய வைரஸ்கள் அதில் ஓடாது. 2011-லிருந்து தமிழக அரசு பிள்ளைகளுக்குக் கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்துக் கொடுத்தார்களே, அந்த மாதிரிதான். நம் மலையில் எத்தனையோ வீட்டுப் பரணில் அந்த லேப்டாப்கள் சும்மா கிடக்கின்றன.

அந்த 800 ரூபாயை என்ன செய்வது என்று கேட்டால், இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். ஃபைல்களையெல்லாம் பூட்டி வைத்துவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வந்தால், எவ்வளவு நல்ல ஆன்டிவைரஸாலும் பூட்டிய ஃபைலைத் திறந்து தர முடியாது. வேறொரு இடத்தில் நகல் இருந்தால்தான் தப்பிக்க முடியும். வாரம் ஒரு முறை இலைக் கணக்கையும் போட்டோக்களையும் அதில் நகல் எடுத்துவிட்டுக் கழற்றி விடுங்கள். எப்போதும் சொருகியே இருந்தால் ரேன்சம்வேர் அதையும் பூட்டிவிடும். நம் ஊர் ஈரத்துக்கு அதைச் சும்மா மேஜையில் போடாமல், சிலிக்கா ஜெல் பாக்கெட் இரண்டைப் போட்டு இறுக்கமான டப்பாவில் மூடி பீரோவில் வையுங்கள்.

விண்டோஸ் செக்யூரிட்டியிலேயே ரேன்சம்வேர் புரொடெக்ஷன் என்று ஒரு இடம் இருக்கிறது. அதில் கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் சாதாரணமாக ஆஃப் ஆகத்தான் இருக்கும், ஆன் செய்யுங்கள். தெரியாத மென்பொருள் எதுவும் உங்கள் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களில் கை வைக்க முடியாது. பழைய கணக்கு மென்பொருள் ஏதாவது வைத்திருந்தால் அதையும் சேர்த்துத் தடுக்கும். அப்போது அந்த ஒன்றுக்கு மட்டும் அங்கேயே அனுமதி கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக, போன் விஷயம். ‘மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்’ என்று யாராவது கூப்பிட்டாலோ, திரையில் ஒரு போன் நம்பர் வந்தாலோ, நம்பாதீர்கள். தூரத்திலிருந்தே உங்கள் கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க் மாதிரி ஒன்றைப் போடச் சொல்வார்கள். போட்டு அதில் தெரியும் நம்பரைச் சொன்னால் உங்கள் கம்ப்யூட்டர் அவர் கையில். நீங்களே கதவைத் திறந்து விட்டதால் எந்த ஆன்டிவைரஸும் தடுக்காது. அப்படி ஏதாவது நடந்து பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், அப்புறம் பேங்குக்கு. சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு.

முதலில் அந்த எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலைத் திறந்து பாருங்கள் அம்மா. அதில் ஒரு வரியாவது இருந்தால், நீக்குவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அந்த வரியைப் பார்த்தால் யார் எதற்கு எழுதியது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அதைப் பார்த்த பிறகு, நீக்கினால் போதுமா, விண்டோஸையே புதிதாகப் போட வேண்டுமா என்று சொல்கிறேன்.